ஆழ்கடல் மௌனமானதன்று

 



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ பயானில், "ஆழ்கடல் ஒரு மௌன உலகம், அங்கே ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை" என்று பேசிவிட்டேன். தொழுகை முடிந்ததும், கல்லூரியில் இயற்பியல் பயிலும் இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒளி இல்லை என்பது சரி. ஓசை இல்லை என்பது சரியில்லையே" என்று தயங்கியபடி சொல்லி, ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். மக்கள் முன் சொன்ன பிழையை மக்கள் முன்பே திருத்துவதுதான் முறை. அடுத்த வெள்ளியன்று அதைச் செய்தேன். அதன் சாரத்தை இங்கே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

கடலுக்குள் ஒரு வாய்க்கால்

சூரிய ஒளி கடலில் 200 மீட்டருக்குக் கீழே மிகவும் மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருள்தான். ஆனால் ஓசைக்கு அந்தத் தடை இல்லை. காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஓசை, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. காற்றைப் போல நீரை எளிதில் அமுக்க முடியாது என்பதே இதற்குக் காரணம்.

அந்த வேகமும் எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேற்பரப்பில் நீர் வெப்பமாக இருப்பதால் ஓசை விரைகிறது. கீழே செல்லச் செல்ல நீர் குளிர்கிறது; ஓசையின் வேகம் குறைகிறது. ஓர் ஆழத்திற்குப் பின் குளிர் பெரிதாக மாறுவதில்லை. நீரின் அழுத்தமோ கூடிக்கொண்டே போகிறது. அழுத்தம் கூடினால் ஓசை மீண்டும் வேகமெடுக்கும். ஆகவே இடையில், பல கடல்களில் 1,000 மீட்டர் அளவிலான ஆழத்தில், ஓசை மிக மெதுவாகச் செல்லும் ஓர் அடுக்கு அமைந்துவிடுகிறது.

கைகோத்து நடக்கும் ஒரு வரிசையில் ஒரு பக்கத்தவர் மெதுவாக நடந்தால், வரிசை முழுவதும் அந்தப் பக்கமே திரும்பும். ஓசையும் அப்படித்தான். மேலே செல்ல முயன்றால் கீழ்நோக்கி வளைகிறது. கீழே செல்ல முயன்றால் மேல்நோக்கி வளைகிறது. கடலின் மேற்பரப்பிலும் தரையிலும் மோதிச் சிதறாமல், இரு கரைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் நீரைப் போல நெடுந்தூரம் சென்றுவிடுகிறது. இந்த வளைவுக்குரிய விதியை ஒளியில் கண்டு, 984-ஆம் ஆண்டளவில் எழுதி வைத்தவர் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் இப்னு ஸஹ்ல் ஆவார்.

இப்படியொரு வழி கடலில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்ன அமெரிக்க அறிஞர் மாரிஸ் யூயிங், 1944-இல் அதைச் சோதித்தும் பார்த்தார். சிறிய வெடியொன்றின் ஓசை 900 மைல்களுக்கு அப்பால் கேட்டது. 1960-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே கடலில் வெடித்த வெடியோசை, ஏறத்தாழ 3 மணி 40 நிமிடங்களில், உலகின் மறுபக்கத்தில் உள்ள பெர்முடா தீவருகே பதிவாயிற்று.

"இதையெல்லாம் நாங்கள் அன்றே அறிவோம்" என்று மார்தட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. படைத்தவன் நீரிலும் குளிரிலும் அழுத்தத்திலும் வைத்த அளவைக் கணக்கிட்டு அறிய மனிதன் எவ்வளவு உழைத்திருக்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இரைச்சலும் அமானிதமும்

கடல் வெப்பமானால் ஓசை சற்று முன்னதாகவே வந்து சேரும். இதைக் கொண்டு கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்று வால்டர் மங்க் முதலிய அறிஞர்கள் கருதினர். 1991-இல் தென் இந்தியப் பெருங்கடலின் ஹேர்ட் தீவருகே வலிமையான ஒலியை எழுப்பினர். அது அமெரிக்காவின் இரு கரைகள் வரை எட்டியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதற்கு முன் அப்பகுதியில் கேட்டுவந்த, அம்பர் தரும் திமிங்கலங்களின் குரல், ஒலி எழுப்பப்பட்ட காலத்தில் பதிவாகவே இல்லை.

கப்பல்களின் இரைச்சலோ ஓய்வதே இல்லை. 2001 செப்டம்பர் 11-இல் அமெரிக்காவில் அப்பாவி உயிர்கள் பலவற்றைப் பறித்த கொடுமைக்குப் பின், சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அதாவது அதன் ஆற்றல் நான்கில் ஒரு பங்கானது. அப்போது திரட்டப்பட்ட திமிங்கலச் சாணத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு குறைந்திருந்ததைக் கண்டனர். அந்த ஆய்வு 2012-இல் வெளியானது.

சகோதரர்களே! அந்த வாயில்லா ஜீவன்கள் நம்மிடம் முறையிடவில்லை. நாம் சற்று அடங்கியபோதுதான், அவை எவ்வளவு காலம் பொறுத்திருந்தன என்பது நமக்கே தெரிந்தது. பூமியில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது அமானிதம் என்றால், அதில் அமைதியும் அடங்கும்.

கப்பல் நம்முடையதன்று என்று ஒதுங்கிவிட வேண்டாம். நிகாஹ் வீட்டின் ஒலிபெருக்கி நள்ளிரவிலும் முழங்கும்போது, அடுத்த வீட்டில் படுத்திருக்கும் நோயாளியை நினைத்தோமா? பாங்கு வணக்கத்திற்கான அழைப்பு. அதற்குப் பின் மணிக்கணக்கில் நீளும் நம் மேடைப் பேச்சுகளையும் அதே ஒலிபெருக்கியில் ஊர் முழுவதும் கேட்க வேண்டுமா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். வீட்டில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அலறும்போது, உள்ளறையிலிருந்து வாப்பாவோ உம்மாவோ அழைக்கும் மெல்லிய குரல் நம் காதில் விழுகிறதா?

யூனுஸ் நபி (அலை) அவர்கள் கடலின் இருளில், மீனின் வயிற்றிலிருந்து இறைவனை அழைத்தார்கள். அவன் செவியுற்றான். அவனுக்கு எந்த இரைச்சலும் தடையில்லை. நமக்குத் தடை உண்டு. ஆகவே இன்றிரவு இஷாவுக்குப் பின் சிறிது நேரம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அமர்ந்து பாருங்கள். யார் உங்களை அழைத்துக் கொண்டிருந்தார்கள் என்பது அப்போது தெரியும்.

பிறர் குரலைக் கேட்கும் செவியையும், பிறரை வருத்தாத நாவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.