படம் யாருக்கு உரியது?

(குஷாய்குடாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ இல்லறத்தைச் சார்ந்தது. ஒருவருடைய நிழற்படம், அவர் விருப்பத்திற்கு மாறாக, மற்றொருவருடைய முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏறிவிட்டால் அதனை இறக்குவது எவ்வாறு? கேட்பதற்குச் சிறு பொருளாகத் தோன்றும். ஆயினும் உறவைக் குலைப்பதும், சில வேளைகளில் உயிரையே வாங்குவதும் இதுவாக இருத்தலின், இம்மன்றத்தில் பேசத் தக்கதே எனத் துணிந்தோம்.

ஈ.சி.ஐ.எல். நிறுவனமும், அணு எரிபொருள் வளாகமும், மௌலாலி, செர்லபள்ளித் தொழிற்பேட்டைகளும் நம்மவர் பலரை இப்பகுதிக்கு அழைத்து வந்தன. ஊரை விட்டு வந்த நமக்கும் ஊரில் உள்ள சுற்றத்தாருக்கும் இடையே பாலமாக நின்றது நிழற்படமே. அந்நாளில் பேரனின் முதல் பிறந்த நாள் படம் தபால் உறையில் வரும். தாத்தா பார்ப்பார், பாட்டி பார்ப்பாள், பக்கத்து வீட்டார் பார்ப்பர். பின்னர் அஃது ஆல்பத்தில் அமர்ந்து அலமாரிக்குள் போய்விடும். பார்த்தவர் யாவர் என்பதை வீட்டார் விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம்.

இன்றோ அதே படத்தை அத்தை தம் பக்கத்தில் ஏற்றுகிறார். ஏற்றியது அன்பினால்தான், ஐயமில்லை. ஆனால் அதைப் பார்ப்பவர் யார், எடுத்து வைத்துக்கொள்பவர் யார், வெட்டி ஒட்டுபவர் யார் என்பதை அத்தையும் அறியார், பெற்றோரும் அறியார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்றனர் நம் முன்னோர். படமும் சொல்லின் இனமே.

இவ்வழக்கு இணையத்தோடு பிறந்தது என்று எண்ண வேண்டா. அமெரிக்க நாட்டின் ரோச்செஸ்டர் நகரில் அபிகெயில் ராபர்சன் என்னும் இளம்பெண் இருந்தாள். அவளைக் கேளாமலே அவளுடைய படத்தை ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய 25,000 பிரதிகளைக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டிவிட்டனர். அவள் நாணத்தால் நோயுற்று நீதிமன்றம் சென்றாள். 1902-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில், இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிற்று. மக்கள் கொதித்தனர். மறு ஆண்டே, ஒருவருடைய எழுத்து மூலமான இசைவின்றி அவர் படத்தை வணிகத்திற்குப் பயன்படுத்துதல் குற்றம் என அம்மாநிலத்தில் சட்டம் பிறந்தது. தோற்ற பெண்ணின் கண்ணீரே சட்டமாயிற்று எனலாம்.

குடும்பத்திற்குள் நிகழ்ந்த வழக்கு ஒன்றும் உண்டு. ஹாலந்து நாட்டில் ஒரு பாட்டி, பேரக் குழந்தைகளின் படங்களை முகநூலிலும் பின்ட்ரெஸ்டிலும் ஏற்றியிருந்தார். குழந்தைகளின் தாயாகிய மகள் அகற்றச் சொல்லிப் பன்முறை கேட்டும் பயனில்லை. 2020 மே மாதத்தில் கெல்டர்லாந்து நீதிமன்றம், படங்களை அகற்றுக. தவறினால் நாள் ஒன்றுக்கு 50 யூரோ வீதம் 1,000 யூரோ வரை தண்டம் என்று தீர்ப்பளித்தது. பேரக் குழந்தைகளின் படத்தை அகற்ற மகளும் தாயும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்! ஒரு விரல் அசைவில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது. பாட்டியின் பாசத்தை நீதிமன்றம் குறை கூறவில்லை. பாசம் வேறு, இசைவு வேறு என்பதையே அது தெளிவுபடுத்தியது.

நம் நாட்டின் நிலை என்ன? நக்கீரன் இதழின் ஆசிரியர் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தன்னையும் தன் குடும்பத்தையும் பிறர் நோக்கிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என உரைத்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்தது. உரிமை உண்டு. அதனைப் பெறும் வழியை அறிவதே நமக்கு வேண்டுவது.

முதற்படி, கேட்டல். ஏற்றியவர் உறவினராகவோ நண்பராகவோ இருந்தால், பொதுக் குழுவில் கடிந்துரையாமல் தனியே எழுதுங்கள். "அத்தை, நலமாக இருக்கிறீர்களா? பாப்பாவின் படம் உங்கள் பக்கத்தில் இருப்பதைக் கண்டோம். அது வெளியில் இருப்பதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. இன்றே எடுத்துவிட வேண்டுகிறோம். நீங்கள் பார்த்து மகிழ வேறு படங்களைத் தனியே அனுப்பி வைக்கிறோம்." இவ்வளவு போதும். காரணம் கூறி வாதாடத் தேவையில்லை. கேட்கப்பட்டவரும் "இதில் என்ன தவறு?" என வினவாது எடுத்துவிடுவதே பண்பு. படத்தில் இருப்பவர் வேண்டா என்றால் அந்த ஒரு சொல்லே போதிய காரணம்.

இரண்டாம் படி, சான்று சேர்த்தல். பக்கத்தின் இணைய முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். படம் மறைந்த பின் வழக்கு வந்தால் காட்டுதற்கு வேறொன்றும் இராது. சிறாரின் ஆபாசப் படமாயின் அதனைப் படியெடுத்தல் ஆகாது. முகவரியை மட்டும் குறித்துக் காவலரிடம் கொடுத்தலே முறை.

மூன்றாம் படி, நிறுவனத்திடம் புகார் செய்தல். படத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் புகார் செய்யும் வழி தோன்றும். 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்காகப் பெற்றோரே முகநூலில் கேட்கலாம். படத்தோடு இணைத்த நம் பெயரை, அதாவது டேக்கை, நீக்கிவிட்டால் படமும் போய்விடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, பெயர் மட்டுமே போகும், படம் அங்கேயே இருக்கும். வாட்ஸப் குழுவாயின், எவர் இட்ட படத்தையும் எல்லாருக்குமாக நீக்கும் அதிகாரம் குழுவின் அட்மினுக்கு உண்டு. ஆயினும், முன்பே தம் கைபேசியில் சேமித்தவரிடம் அது தங்கிவிடும். ஆகவே விரைவு வேண்டும்.

நான்காம் படி, குறைதீர் அலுவலர். 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இத்தகைய அலுவலரை அமர்த்தி, அவரை அணுகும் வழியை வெளியிட வேண்டும். நிர்வாணத்தைக் காட்டும் படம், ஒட்டு வேலை செய்த படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றிற்கு, புகார் வந்த 24 மணி நேரத்திற்குள் அகற்ற வேண்டும் என அவ்விதிகள் முதலில் வகுத்தன. பின்வந்த திருத்தங்கள் காலத்தை இன்னும் குறுக்கியுள்ளன. அலுவலர் மறுத்தால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை இணைய வழியே அணுகலாம். இக்குழுக்கள் 2023-இல் அமைக்கப்பட்டவை.

இங்கு ஒரு நுட்பம். திருமணப் படத்தைத் தம் விளம்பரத்திற்காக வெளியிடும் ஸ்டூடியோக்காரர் உளர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்திற்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், எடுக்கச் செய்தவரே முதல் உரிமையாளர். எனவே பணம் கொடுக்கும் நாளிலேயே இதனை எழுதி வாங்கிக்கொள்வது நலம். உறவினர் தம் கைபேசியில் எடுத்த படத்திற்கோ பதிப்புரிமை அவருடையது; அங்கே நாம் கோருவது அந்தரங்க உரிமையையே.

இதுவரை கூறியது அறியாமையால் விளையும் தொல்லை. வஞ்சத்தால் விளைவதும் உண்டு. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி எவனோ முகநூலில் வெளியிட்டான். தந்தை காவல் துறையிடம் ஓடினார். நாட்கள் கழிந்தன, படம் இறங்கவில்லை. அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெற்றோரும் தன்னை நம்பவில்லையே என்ற ஏக்கத்தை அவள் எழுதி வைத்திருந்தாள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. குற்றவாளி பிடிபட்டான். தாமதத்திற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பு வந்தது, மகள் வரவில்லை.

தாய்மார்களே! தந்தையரே! இதிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது ஒன்றே. பிள்ளை வந்து இத்தகைய செய்தியைச் சொல்லும்போது நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் "நீ என்ன செய்தாய்?" என்பதாக இருத்தல் கூடாது. "நாங்கள் இருக்கிறோம்" என்பதாக இருக்கட்டும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்னும் அச்சமே வஞ்சகனின் பெரும் படைக்கலம். நாம் அஞ்சாவிடில் அவன் கை வெறுங்கை.

பிள்ளை தானே இசைந்து எடுத்த படமாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. அந்தரங்கப் படத்தை எடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், அதனைப் பிறர்க்குப் பரப்ப இசையாதபோது பரப்புதல் குற்றமே. எடுக்க இசைந்தது பரப்ப இசைந்தது ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும் இத்தகைய செயலுக்கு மூன்றாண்டு வரை சிறையை வகுத்துள்ளது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு இத்தகைய வழக்கொன்று வந்தது. வழக்குத் தொடுத்தவர் ஒரு பெண் வழக்கறிஞர். சட்டம் கற்றவரே அலைக்கழிந்தார் எனின், கல்லாதார் நிலை என்னாகும்? நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், 48 மணி நேரத்திற்குள் படங்களை அகற்றச் செய்யுமாறு மத்திய அரசைப் பணித்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் பின்பற்றத் தக்க வழிமுறையையும் வகுக்கச் சொன்னார். அவ்வாண்டு இறுதிக்குள் அவ்வழிமுறையும் வெளிவந்தது.

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. படத்தை ஏற்றியவன் மதுரையில் இருக்கிறான், நாம் இங்கு இருக்கிறோம், புகாரை எங்கே கொடுப்பது என்பதே அது. இன்றைய குற்றவியல் நடைமுறைப்படி குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நம் குஷாய்குடா காவல் நிலையமே போதும். தெலுங்கில் எழுத இயலாதோருக்கு எழுதித் தர நம்மிடையே அம்மொழி கற்ற பிள்ளைகள் உளர். மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார்த் தளமும் 1930 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளன. அந்தரங்கப் படம் பரவும் என்ற மிரட்டல் இருந்தால், 2021-இல் தொடங்கிய ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்னும் தளம் துணை செய்யும். அதில் படம் நம் கைபேசியை விட்டு வெளியேறுவதில்லை. படத்தின் எண்வடிவ அடையாளம் மட்டுமே சென்று, அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களில் அப்படம் ஏறாமல் தடுக்க உதவுகிறது. மனம் சோர்ந்தவர் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

நிறைவாக, நம் சங்கம் மேற்கொள்ளத் தக்க மூன்று நெறிகளை இவ்வவையின் முன் வைக்கிறோம். விழாப் படங்களை வெளியிடுமுன் படத்தில் உள்ளோரைக் கேட்போம். குழந்தையாயின் பெற்றோரையும், விவரம் அறிந்த குழந்தையாயின் அக்குழந்தையையும் கேட்போம். எவரேனும் வேண்டா என்றால் அன்றே அகற்றுவோம். தொல்லையுற்ற குடும்பத்தோடு காவல் நிலையம் வரை துணை செல்ல ஆடவர் ஒருவரும் பெண்டிர் ஒருவரும் எப்போதும் ஆயத்தமாக இருப்போம். செலவில்லாத தொண்டு இது. ஆயினும் ஒரு வீட்டின் விளக்கு அணையாமல் காக்க வல்லது.

படம் எடுத்தவருக்குக் கைத்திறன் உரியது. ஏற்றியவருக்குப் பக்கம் உரியது. முகமோ முகத்திற்கு உடையவர்க்கே உரியது.  வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!