ஆழாக்கும் இரும எண்ணும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிகளிடம் 13-ஐ இரும எண்ணில் எழுதச் சொன்னேன். இரண்டால் வகுத்து, மீதியைக் கீழிருந்து மேலாக எழுதி, 1101 என்று சட்டென்று காட்டினார்கள். ஏன் அப்படி என்றால், "பாடத்தில் அப்படித்தான் சார் இருக்கு" என்கிறார்கள்! அந்த 'ஏன்' எங்க பாடாலூர் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

சோளமும் வரகும் அளந்த பாத்திரங்கள் அவை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. (படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், இரட்டிப்புக் கணக்குதான் நமக்கு வேண்டியது.) ஆழாக்கை 1 என்று வைத்தால் மற்றவை 2, 4, 8. எதிலும் ஒரு தடவைக்கு மேல் அளக்கக் கூடாது. இப்போது 13 ஆழாக்கு சோளம் வேண்டும். படி உண்டு, உரி உண்டு, உழக்கு வேண்டாம், ஆழாக்கு உண்டு. உண்டு என்றால் 1, வேண்டாம் என்றால் 0. வந்துவிட்டதா 1101? வேறு எந்த வகையிலும் 13 வராது, முயன்று பாருங்கள்.

எண்ணுவதும் அப்படியே. ஓர் ஆழாக்கு, 0001. இன்னொன்று சேர்ந்தால் ஆழாக்கு காலி, உழக்கு நிறைகிறது: 0010. அடுத்து 0011. மேலே ஒன்று போட்டால் இரண்டும் காலி, உரி நிறைகிறது: 0100. பள்ளிக்கூடத்தில் 'கையில் ஒன்று' என்றோமே, அதேதான். நாலு பாத்திரத்தில் 15 வரை போகலாம். பத்து விரலை மடக்கி நிமிர்த்தினால் 1023 வரை!

இனிதான் வில்லங்கம். படியில் பத்தில் ஒரு பங்கு அளந்து கொடுங்கள் பார்ப்போம். ஆழாக்கு எட்டில் ஒன்று, கூடிவிடும். அரை ஆழாக்கு பதினாறில் ஒன்று, குறையும். அதில் பாதியைச் சேர்த்தாலும் கொஞ்சம் குறைகிறது. பாதிக்குப் பாதியாக எவ்வளவு சின்னப் பாத்திரம் செய்தாலும் சரியாக வராது. 10-க்குள் ஒரு 5 இருக்கிறதே, பாதியாக்கிக்கொண்டே போனால் அது அகப்படாது. கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது.

அந்த மிச்சம் உயிரைக் குடித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கா வைத்திருந்த பேட்ரியாட் அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அதை வினாடியாக்க 1/10-ஆல் பெருக்கியது. அந்த 1/10 இருந்தது 24 இரும இலக்கத்தில். ஒவ்வொரு தடவையும் விட்டுப்போனது வினாடியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 வினாடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். வானில் தவறான இடத்தில் தேடியது பேட்ரியாட், தடுக்கவே இல்லை. 28 வீரர்கள் இறந்தார்கள்.

அதனால்தான் என் வேலையில் நேரத்தை மில்லி வினாடியாக, கணக்கு முடியும் வரை முழு எண்ணாகவே வைக்கிறோம். பணத்தையும் ரூபாயில் வைக்காமல் பைசாவில் வைப்பது நல்லது. புராஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகள் இன்று இரவே 0.1-ஐப் பத்து முறை கூட்டி, அது 1-க்குச் சமமா என்று கம்ப்யூட்டரையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும்.