டயரில் எழுதியிருப்பதும் டேப் காட்டுவதும்



மாத்தளை நகருக்குள் வீதியோரம் நிற்கும் ஒரு வேகன் ஆர் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் 155/65 ஆர் 14 என்று இருக்கும். இன்னொரு வேகன் ஆரில் 145/80 ஆர் 13. ஸ்டிங்ரே வகை ஒன்றில் 165/55 ஆர் 15. ஒரே பெயருள்ள காருக்கு மூன்று அளவா?

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது ரப்பரின் உயரம். அது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று சொல்லப்படுகிறது. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. கடைசி எண் ரிம்மின் விட்டம், அதுவோ அங்குலத்தில்! ஒரே வரியில் இரண்டு அளவுமுறை இருப்பது எரிச்சல்தான். 1975இல் மிச்செலின் நிறுவனம் ரிம்மையும் மில்லிமீற்றருக்கு மாற்றிப் பார்த்தது. அது நிலைக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 155இல் 65 வீதம் 100.75. ரிம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு தடவை, 201.5. 14 அங்குல ரிம் 355.6. கூட்டினால் 557 மில்லிமீற்றர். மற்ற இரண்டையும் இப்படியே கூட்டுங்கள், இரண்டும் 562ஐ ஒட்டி வரும். ரிம் பெருக்கப் பெருக்க ரப்பர் தணிகிறது. சில்லின் மொத்த உயரம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. "அகலமான டயர் போடுங்க தம்பி, வண்டி எடுப்பா இருக்கும்" என்று யாரும் சொன்னால், பணத்தை எடுக்குமுன் இந்தக் கூட்டலைச் செய்யுங்கள். மொத்த உயரம் கூடிப்போனால் ஸ்பீடோமீற்றர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், திருப்பும்போது மட்காட்டில் உரசவும் கூடும்.

அளவுக்குப் பின்னால் 75 எஸ் என்று இருந்தால், அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 387 கிலோ, ஓடக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீற்றர். வேகம் நமக்குத் தேவைப்படாது. எடைதான் முக்கியம். குடும்பத்தோடு இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எடையைச் சுமப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்றுக் குறைந்தால் அந்த 387உம் குறையும்.

இனி டேப்பை எடுப்போம். 155 என்று எழுதிய டயரை அளந்தால் சரியாக 155 வருவது அபூர்வம். அந்த அகலம் பக்கச் சுவருக்குப் பக்கச் சுவர் எடுத்தது. வீதியில் படும் பகுதி அதைவிடக் குறுகல். அரை அங்குலம் அகலமான ரிம்மில் மாட்டினால் அதே டயர் சுமார் 5 மில்லிமீற்றர் விரியும். கம்பெனிக்குக் கம்பெனியும் சிறு வித்தியாசம் உண்டு. தேய்ந்து முடியும்போது விட்டத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போய்விடும்.

ஓட்டோவில் இருக்கும் 4.00-8 பழைய முறை. நாலு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம். உயரத்துக்கு எண் கிடையாது.

காரில், டேப் காட்டும் இந்தச் சிறு வித்தியாசங்களோடு காலம் தள்ளலாம். லொறியில் முடியாது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்ற வரும் பெரிய லொறிகளின் பின் சில்லுகளைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு டயர், சோடியாக. உள்ளே ரீபில்ட் செய்த பழையது, வெளியே கடையில் வாங்கிய புதியது, இரண்டிலும் அதே பழைய முறையில் 10.00-20. எழுத்து ஒன்றுதான், உயரம் ஒன்றல்ல. இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகத்தான் சுற்ற வேண்டும். உயரமானது சுமையை வாங்கிச் சூடேறுகிறது. மற்றது வீதியில் இழுபட்டு வீணாகத் தேய்கிறது. பிறகு, "டயர் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை!

சோடி சேர்க்குமுன் இரண்டுக்கும் ஒரே அளவு காற்று அடித்து, டயரின் நடுக்கோட்டில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். இந்தப் பெரிய அளவில் விட்ட வித்தியாசம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. சுற்றளவில் அது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். இடத்திலேயே அளக்கலாம், ஐந்து நிமிட வேலை. துணி தைக்கும் டேப்பே போதும், இரண்டு மூன்று தடவை எட்டி வைத்து அளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கார் வைத்திருப்பவர்கள் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையும் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாவித்த டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர்.