பட்டத்தின் முச்சையும் மாதிரி விமானத்தின் நிறையும்

வாடைக்காற்று வீசும் நாட்களில் வடபுலத்துச் சிறுவர் பட்டம் கட்டுவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். மூங்கில் சீவுவதும் தாள் ஒட்டுவதும் விரைவில் முடிந்துவிடும். முச்சை கட்டுவதிலேதான் பொழுது போகும். நூல்கள் கூடும் அந்த முடிச்சு ஒரு விரற்கடை பிசகினால், வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏற்றப்படும் பெரும் பட்டமாயினும் சுழன்று தலைகுத்தும்.

ஆகாய விமானத்தின் கதையும் பட்டத்தையொட்டியே தொடங்கியது எனலாம். 1804ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் கெய்லி ஒரு தடியின்மேல் பட்டமொன்றைச் சிறகாகப் பொருத்தினார். பின்புறத்தில் திருப்பத்தக்க வாலும், முன்புறத்தில் நகர்த்தத்தக்க நிறையும் அமைத்து எறிந்து பார்த்தார். முச்சை செய்த வேலையை அங்கே அந்த நிறை செய்தது. நூலில்லாமற் பறக்கும் பொருளுக்குப் புவியீர்ப்பு மையம் இருக்கவேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். இல்லாவிடின் மற்றெல்லாத் திறமையும் வீண்.

இன்று வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானங்கள் பெரும்பாலும் றெஜிபோமினாற் செய்யப்படுகின்றன. அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றே. நெடுங்கேணி போன்றதோர் ஊரில் அதற்குக் கடை தேடவேண்டியதில்லை. மீன் ஏற்றிவரும் பெட்டியே போதும். ஆனால் மோட்டாரும் பற்றரியும் அலைவாங்கியும் விலை கொடுத்து வெளியிலிருந்து வரவேண்டியவை. வயலை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. முதல் எறிதலிலேயே விமானம் மண்ணில் மோதினால் உடைவது றெஜிபோம் மாத்திரமன்று.

ஆதலால் எறியுமுன் நிறையைப் பார்த்தல் வேண்டும். சாதாரண நீள்சதுரச் சிறகாயின், முன்விளிம்பிலிருந்து சிறகின் அகலத்தில் நாலிலொரு பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் மையம் அமைவது நன்று. 18 சென்ரிமீற்றர் அகலமான சிறகுக்கு அது 4½ முதல் 6 சென்ரிமீற்றர் வரையாகும். அவ்விடத்தில் இருபுறமும் அடையாளமிட்டு, பற்றரியையும் உள்ளே வைத்து, இரு விரல் நுனிகளால் சிறகைக் கீழிருந்து தாங்கவேண்டும். விமானம் மட்டமாக நின்றால், அல்லது மூக்குச் சற்றே தாழ்ந்தால் நல்லது. மூக்குப் பாரமானது சோம்பலாகப் பறந்தாலும் சொற்கேட்கும். வால் பாரமானது தலைநிமிர்ந்து, வேகமிழந்து, கையை விட்டகன்ற சில கணத்திலேயே கவிழும். திருத்துவதற்கு ஈயத்தைத் தேடுமுன் பற்றரியை முன்னோ பின்னோ நகர்த்திப் பார்ப்பதே சிக்கனம். பின்னர் மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கி, எந்தச் சிறகு தாழ்கின்றதெனக் கண்டு, மறுசிறகின் நுனியில் ஒரு நாணயத்தை ஒட்டலாம்.

இத்தனைக்குப் பிறகும் விமானம் விழும். விழாத விமானம் அலுமாரியில் இருப்பதுதான். முறிந்த முகங்களை வெட்டிச் சமப்படுத்துவது பலர் செய்யும் பிழை. மணிமணியாக உடைந்த அம்முகங்கள் ஒன்றோடொன்று பல்லுப்பற்களாகப் பொருந்தக்கூடியவை. அப்படியே ஒட்டினால் சிறகின் கோணம் மாறாது. சுப்பர் குளூவும் பெற்றோல், தின்னர் கலந்த பசைகளும் மீன்பெட்டி றெஜிபோமைக் கரைத்துவிடும். தச்சரின் வெண்பசை தீங்கு செய்யாது. ஆயினும் மூடிய பொருத்துக்குள் காற்றுப் புகாமையால் அது காய ஓரிரவாவது செல்லும். அதுவரை தென்னை ஈர்க்குகளைக் குறுக்கே குத்தி வைக்கலாம். சிறகு நடுவே முறிந்திருந்தால் பட்டத்துக்குச் சீவிய மூங்கிற் சிம்பொன்றை நீளவாட்டிற் பதித்து, அடிப்புறத்திற் செலோரேப் ஒட்டவேண்டும். பறக்கும்போது சிறகின் அடிப்புறம் இழுபடுகின்றது, மேற்புறம் நெருக்குண்கின்றது; ரேப் இழுவைக்குத்தான் வலியது. நசுங்கிய மூக்கின்மேற் சுடுநீர் வார்த்தால் மணிகள் ஓரளவு மீள எழும்.

ஒட்டியதும் பறக்கவிடும் அவசரந்தான் இரண்டாம் விபத்துக்குக் காரணம். மையத்துக்குப் பின்னே 60 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள வாலில் 5 கிராம் பசை ஏறினால், முன்னே 20 சென்ரிமீற்றரில் உள்ள மூக்கில் 15 கிராம் வைத்தே அதன் திருப்பத்தை ஈடுசெய்யலாம். எனவே ஒவ்வொரு பழுதுபார்த்தலின் பின்னும் விரல் நுனிச் சோதனை மீண்டும் வேண்டும்.

காலபோக அறுவடை முடிந்த வயல்வெளியும் காற்றடங்கிய காலைப்பொழுதும் இதற்கு ஏற்றவை. எனினும் இலங்கையில் ஆளில்லா விமானங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரில் குண்டுத்தாக்குதல்களின் பின் சிலகாலம் அவை முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தன. முன்னதாக விசாரித்தறிவது அவசியம். அயலாருக்கும் சொல்லிவிடுதல் தகும். 2009 வரை நீடித்த போரில் வானத்து இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இவ்வூர்களில் இன்றும் வாழ்கின்றனர்.

இன்னுமொன்று. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் விமானம் விழுந்தால், மோட்டாரின் விலை எவ்வளவாயினும், அது அங்கேயே கிடக்கட்டும்.