ஒரு கோல் வித்தியாசம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேச, நாம் கேட்டு இன்புற்று வருகிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாகக் காலங்கழிக்கும் எனக்கு அத்துறையில் வாய் திறக்கும் தகுதி இல்லை. செயலாளர் அவர்களோ, "உமக்குத் தெரிந்த ஹாக்கியைப் பற்றியே பேசும்" என்று அன்புக் கட்டளை இட்டுவிட்டார். ஆகவே 1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் பந்தயத்தைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அன்று வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று கேட்ட பெரியோர் சிலர் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

முன்கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1928 முதல் 1956 வரை நடந்த ஒலிம்பிக் பந்தயங்கள் ஆறிலும் ஹாக்கித் தங்கம் நம் நாட்டுக்கே வந்தது. 1960-இல் ரோம் நகரில் பாகிஸ்தான் நம்மை ஒரே ஒரு கோலால் வென்று அந்த மரபை முறித்தது. 1964-இல் டோக்கியோவில் நாம் அதே ஒரு கோலால் அவர்களை வென்று தங்கத்தை மீட்டோம். பின்னர் உலகக் கோப்பை தோன்றியது. 1971-இல் பார்சலோனாவில் நமக்கு மூன்றாம் இடம். 1973-இல் ஆம்ஸ்டல்வீனில் இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டி ஸ்ட்ரோக்கில் நெதர்லாந்து வென்றது. நமக்கு இரண்டாம் இடம். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்ற ஏக்கத்தோடுதான் நம்மவர் கோலாலம்பூருக்குச் சென்றனர்.

அஜித்பால் சிங் தலைவர். முன்னாள் ஒலிம்பிக் வீரர் பல்பீர் சிங் மேலாளர். அணியின் பெயர்ப் பட்டியலைப் படித்தால் இந்தியாவின் வரைபடத்தைப் படிப்பது போலிருக்கும். பஞ்சாபின் சுர்ஜித் சிங், போபாலின் அஸ்லம் ஷேர் கான், பழங்குடி மரபில் வந்த மைக்கேல் கிண்டோ, குடகின் கோவிந்தா, தியான் சந்தின் புதல்வர் அசோக் குமார் ஆகியோருடன் நம் தமிழகத்தின் வி. ஜே. பிலிப்ஸும் இருந்தார். அவருடைய தமையனார் வி. ஜே. பீட்டர் ரோம், டோக்கியோ, மெக்சிகோ ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஆடி, வெள்ளி, தங்கம், வெண்கலம் ஆகிய மூன்று பதக்கங்களையும் பெற்றவர்.

பிரிவு ஆட்டங்களில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றோம். ஆஸ்திரேலியாவுடன் 1–1 என்று சமன் செய்தோம். கானாவை 7–0 என்று வீழ்த்தினோம். பிறகு, ஒருவரும் எதிர்பாராத வகையில் அர்ஜென்டினாவிடம் 1–2 என்று தோற்றோம். எதிரே நின்றது 1972-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற மேற்கு ஜெர்மனி. அந்த ஆட்டத்தை நம்மவர் 3–1 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தனர்.

அன்பர்களே, அரையிறுதியில் நம்மை எதிர்த்தது போட்டியை நடத்திய மலேசியாவே. அங்கேதான் நம் போன்ற புலம்பெயர்ந்த தமிழர் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்று நம் காதுக்கு இனிய பெயர்கள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவில் இரயில் பாதை போட்டபோது, யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் அங்கே குடியேறினர். தமிழகத்திலிருந்து பெருந்திரளானோர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் பாதை வேலைக்கும் சென்றனர். ரயில்வே எழுத்தனாகிய நான் அவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் உறவினர் கதையைப் படிப்பதாகவே உணர்கின்றேன். அவ்வாறு கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு பக்கம். தமிழகத்தின் பிலிப்ஸ் மறுபக்கம்.

ஆட்டமோ மயிரிழையில் ஊசலாடியது. மலேசியா முந்தியது, சிவாஜி பவார் சமன் செய்தார். மலேசியா மீண்டும் 2–1 என்று முந்தியது. 70 நிமிட ஆட்டத்தில் எஞ்சியிருந்தவை மிகச் சில நிமிடங்களே. அந்நிலையில் கிண்டோவை வெளியே அழைத்து, பெஞ்சில் காத்திருந்த அஸ்லம் ஷேர் கானை அனுப்பினர். நமக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கழுத்தில் கிடந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அவர் அடித்தார் என்பர். பந்து வலைக்குள் பாய்ந்தது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் 3–2 என்று இந்தியா வென்றது. வாய்ப்பு வருமோ வராதோ என்று ஓரத்தில் அமர்ந்திருந்தவரே அன்று அணியைக் கரை சேர்த்தார்.

அன்று தம் மண்ணில் கண்ணீருடன் வெளியேறிய மலேசியத் தமிழர் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்து ஆடினரா? இல்லை. கடைசி நொடிவரை மலேசியாவுக்காகப் போராடினர். ஆதலால் அவர்களுடைய தமிழ் குறைந்துவிட்டதா? அதுவும் இல்லை.

இறுதி ஆட்டம் 15-3-1975 அன்று மெர்டேகா அரங்கில் நிகழ்ந்தது. எதிரி, பழைய போட்டியாளராகிய பாகிஸ்தான். முற்பாதியில் ஜாஹித் ஷேக் அடித்த கோலால் அவர்கள் முந்தினர். பிற்பாதியில் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். சில நிமிடங்களில் அசோக் குமார் அடித்த பந்து, கோல் கம்பத்தின் உட்புற மூலையில் மோதி, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே துள்ளிவிட்டது. கோல் என்றனர் நம்மவர். இல்லவே இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டனர்.

அந்த நடுவர் யார் தெரியுமா? விஜயநாதன் என்னும் மலேசிய நாட்டவர். தம் நாட்டு அணியைச் சில நாள்களுக்கு முன் ஒரே கோலால் வெளியேற்றிய இந்தியாவுக்குச் சாதகமான தீர்ப்பு அவர் கையில் இருந்தது. அரங்கில் ஆயிரமாயிரம் கண்கள். இரு நாடுகளின் மானம். இன்று போல் திரும்பப் போட்டுப் பார்க்கும் படக்கருவியும் அன்று துணைக்கு இல்லை. அவர் தம் கண் கண்டதைச் சொன்னார்: கோல். 2–1 என்று இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அதன்பின் 2023 வரை நடந்த உலகக் கோப்பைப் பந்தயங்களில் நமக்கு அவ்வெற்றி மீண்டும் வாய்க்கவில்லை.

பெருமக்களே, இக்கதையை இச்சங்கத்தில் நான் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. தாராவியில் தோல் பதனிட வந்த நெல்லைச் சீமையார், மாட்டுங்காவில் தங்கி அலுவலகம் சென்ற எழுத்தர்கள், செம்பூரில் குடியேறிய குடும்பங்கள், இவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைக் காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றனர்: "நீ எந்தப் பக்கம்?" 1960-களின் பிற்பகுதியில், தென்னாட்டார் உள்ளூரார் பிழைப்பைப் பறிக்கின்றனர் என்ற கூக்குரல் இந்நகரில் எழுந்தபோது அக்கேள்வி கசப்பாகவே ஒலித்தது. 1973-இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பம்பாயும் தமிழ்நாடும் மோதியபோது அது விளையாட்டாகவும் ஒலித்திருக்கும். அன்று பம்பாய் 123 ஓட்டங்களில் வென்றது.

அக்கேள்விக்கு மேடைப் பேச்சால் விடை கூற இயலாது. களத்திலே ஆடித்தான் கூற வேண்டும். புனேயை அடுத்த கட்கியில், பிழைக்க வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை அவ்வாறே கூறினார். உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடப் பழகியவர் அவர். தமையன் ரமேஷ் ஆர்.சி.எஃப். அணிக்காக ஆடிக்கொண்டிருந்த இந்நகருக்கு வந்து, மகிந்திரா அணியில் புகழ் பெற்றார். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடினார். 1998-இல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம் தென் கொரியாவுடன் 1–1 என்று சமமாகி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் தீர்ந்தபோது, 32 ஆண்டுகளுக்குப்பின் தங்கம் பெற்ற அணியின் தலைவர் அவரே. அப்போது நான் பள்ளியை விட்டு வெளிவந்த இளைஞன். அவரை இந்நகரத்தார் எல்லோரும் "எங்கள் தன்ராஜ்" என்று கொண்டாடியதை நேரில் கண்டேன். அவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ் கற்பியுங்கள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தவறாது அனுப்புங்கள். அதே ஆர்வத்துடன் மாலையில் மைதானத்துக்கும் அனுப்புங்கள். அங்கே மராத்திச் சிறுவனுடனும் குஜராத்திச் சிறுமியுடனும் ஓர் அணியாக நின்று, பள்ளிக்காகவும் பேட்டைக்காகவும் இந்நகருக்காகவும் மூச்சு முட்ட ஆடட்டும். பெஞ்சில் உட்கார நேர்ந்தால் அஸ்லமைப் போல் காத்திருக்கட்டும். நடுவராக நிற்க நேர்ந்தால் விஜயநாதனைப் போல் கண்டதைச் சொல்லட்டும்.