இழப்பைக் கற்பித்தல்: ஒப்பாரியும் வரலாறும் கையறுநிலையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாவையும் அழுகையையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று விழாக் குழுவினர் ஒருவர் நம்மிடம் வினவினார். வினவியது முறையே. ஆயினும் இத்தலைப்பை நாமே கேட்டுப் பெற்றோம். நம் தெருப் பிள்ளைகள் இழப்பை அறியாதவர் அல்லர். பத்து வயதுக்குள் எத்தனை பாடைகளின் பின்னே நடந்திருக்கிறார்கள் என்பதை அவர்களின் தாய்மார் அறிவர். ஆனால் அந்த அறிவைப் பள்ளி வாயிலிலேயே விட்டுவிட்டு வகுப்பறைக்குள் வருகிறார்கள். உள்ளே கற்பிக்கப்படும் சாவு வேறு. வெளியே அவர்கள் கண்ட சாவு வேறு. இவ்விரண்டையும் ஒரே பலகையில் எழுதலாகாதா என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் புறநானூற்றுக்கு என்றும் இடமுண்டு. அதனுள் கையறுநிலை என்றொரு துறை உண்டு. காத்தவன் மாண்டபின், அவனை நம்பியிருந்தோர் செயலற்று நின்று பாடுவது அது. அதியமான் மறைந்தபோது ஒளவையார், அவன் கொடுத்த கள்ளையும் சோற்றையும் நினைந்து கலங்கினார். பாரியை இழந்த மகளிர் இருவர், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிட்டுப் பாடினர். வானத்தில் நிலவு மாறவில்லை. குன்றும் தந்தையும் கைவிட்டுப் போயினர். பாரியின் பறம்பு மலை இன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்று கூறுவர். மூவேந்தர் முற்றுகையிட்ட மலை அது.

இச்செய்யுளை ஆண்டுதோறும் நடத்துகிறோம். மாணாக்கர் மனப்பாடம் செய்வர்; திணை, துறை எழுதுவர்; மதிப்பெண் பெறுவர். ஓர் ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இது எங்கள் ஆயா பாடுகிற ஒப்பாரி மாதிரியே இருக்கிறது" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. அவளும் வெட்கித் தலைகுனிந்தாள். ஆனால் அவள் சொன்னது பெரும்புலவரும் மறுக்கவியலாத உண்மை. அன்றே ஒரு சுவடியில் ஒப்பாரிகளை எழுதத் தொடங்கினோம்.

ஒப்பாரியைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். இறந்தவன் நாட்கூலிக்கு வண்டி ஓட்டியவன். குடித்தது பெரும்பாலும் கூழ். அவன் மனைவி பாடும்போதோ அவனுக்குத் தங்கக் கிண்ணம் வருகிறது, முத்துப் பந்தல் வருகிறது, ஏறி அமர யானை வருகிறது. இதைப் பொய் என்று ஒதுக்கும் படித்தவர் நம்மிடையே உளர். பொய் அன்று, அது ஒரு கணக்கு. உலகம் அவனுக்குத் தராமல் விட்டதை அவள் வரிசையாக எண்ணிக் கொடுக்கிறாள். அதே மூச்சில் விற்ற மாட்டையும், மருத்துவமனைக்கு நடந்த நடையையும், கடன் கொடுத்தவன் வாசலில் நின்ற நிலையையும் சொல்லிவிடுகிறாள். ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதையும் அரைமணி நேர ஒப்பாரியில் கேட்டறியலாம்.

வேறுபாடு ஒன்று மட்டும் உண்டு. புறநானூற்றில் பெயர் சொல்லி அழப்பட்டோர் பெரும்பாலும் வேந்தரும் வள்ளலும் வீரருமே. பாடியவர் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. நம் கிழவியர் அழுதது யாருக்காக என்பதும், அழுதவர் யார் என்பதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் இறந்தால் பாட்டும் இறந்தது.

இங்கே நம் இளைஞர் சிலர் குறுக்கிடுவர் என்பதை அறிவோம். பறையும் ஒப்பாரியும் நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில்கள், அவற்றை விட்டொழிப்பதே விடுதலை என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஊரார் வீட்டுச் சாவுக்கு அழைத்த குரலுக்கு ஓடிச் சென்று பறையடிக்க வேண்டும், மாரடித்து அழ வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை மறுத்து, அடிபட்டு, ஊர்விலக்குப் பட்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அந்த மறுப்பை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் பிறர்க்கு ஏவலாக அழுவது வேறு, தன் பிள்ளைக்குத் தாய் அழுவது வேறு. முன்னதை விடுத்தோம், பின்னதை ஏன் விட வேண்டும்? ஏவலோடு சேர்த்துப் பாட்டையும் எறிந்தால், நம் இழப்பைச் சொல்ல நமக்கென்று மொழி எஞ்சாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பாட்டு மட்டும் போதுமானால் கண்ணீரோடு பாடம் முடிந்துவிடும். யார், எங்கே, எப்போது, எதனால் என்ற நான்கு கேள்விகளை வரலாறுதான் கேட்கிறது.

சான்றாக வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ஒரு சிறு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உழவுத் தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்ததும், கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதுமே அவர்கள் செய்த குற்றம். அரைப்படி நெல் கூடுதல் என்று மக்கள் இன்றளவும் சொல்வர்.

இதை ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் முறையைக் கூறுகிறோம். டிசம்பர் 25 அரையாண்டு விடுமுறைக்குள் வந்துவிடுவதால், பள்ளி அந்நாளை அறியாமலே கடந்துவிடுகிறது. எனவே ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் இப்பாடத்தை வைக்கிறோம். முதலில் மேசைமேல் ஓர் அரைப்படியை வைத்து, அதில் நெல்லை அளக்கச் சொல்லுவோம். தலைதட்டி அளந்து, குவித்து, கையால் அள்ளிப் பார்ப்பார்கள். எத்தனை பேருக்கு ஒரு வேளைச் சோறாகும் என்று அவர்களே கணக்கிடுவார்கள். அதன்பின்தான் ஊரையும் ஆண்டையும் சொல்லுவோம். அப்போது வகுப்பில் நிலவும் அமைதியை எந்தப் பிரம்பாலும் உண்டாக்க முடியாது.

அடுத்து வழக்கு. நாகப்பட்டினத்து அமர்வு நீதிமன்றம் 1970 இல் நிலக்கிழார் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் காரும் உடைய பெருநிலக்கிழார் தாமே நடந்து சென்று தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதன்று என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றிருந்தது. இதை விளக்கவுரையின்றிப் பலகையில் எழுதிவிட்டு, "இதை எவ்வாறு ஆராய்வீர்கள்?" என்று மட்டும் கேட்போம். சான்று என்றால் என்ன, முன்முடிவு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகப் பாடநூல் கற்பிப்பதில்லை. தஞ்சையின் உழவுக் கூலியை வரையறுக்க 1969 இல் சட்டம் வந்ததையும் சேர்த்தே சொல்லுவோம். இறந்தோர் வெறுமனே இறந்தனர் என்று பிள்ளைகள் எண்ணிவிடலாகாது.

நம் வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியின் பெருமையே அதுதான். ஒருமுறை நிலமுடைய வீட்டுப் பையன் ஒருவன் பாடம் முடிந்தபின் தனியே வந்து, "அப்படியானால் நாங்கள் எல்லாரும் குற்றவாளிகளா, ஐயா?" என்று கேட்டான். நல்ல பையன், கண் கலங்கியிருந்தான். "குற்றம் சாட்டப்பட்டவர் பெயர்கள் வழக்கேட்டில் இருக்கின்றன, தம்பி. உன் பெயர் அதில் இல்லை. ஆனால் உங்கள் வயலில் நடவு நட்டவர்க்கு என்ன கூலி, எப்போது கொடுக்கப்பட்டது என்பதை வீட்டில் கேட்டுவா" என்றோம். கேட்டு வந்தானா என்பதை நாம் விசாரிக்கவில்லை. அது அவனுக்கும் அவன் தந்தைக்கும் இடையிலானது.

சில எல்லைகளைக் கடைப்பிடிக்கிறோம். எரிந்த குடிசையை நாடகமாக நடிக்க விடுவதில்லை. நம் தெருப் பிள்ளையை எழுப்பி, "உன் மக்கள் பட்ட பாட்டைச் சொல்" என்று கேட்பதில்லை. அது மற்றொரு வகை அவமதிப்பு. எட்டாம் வகுப்புக்குக் கீழ் இப்பாடம் கிடையாது. சிறு பிள்ளைகளுக்குப் பஞ்சக் காலம் போதும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்தோரைக் கொண்டு சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே வெட்டுவித்த கால்வாய், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாக உள்ளது. சென்னைக்குச் சுற்றுலா சென்றால் அதைக் காட்டுகிறோம். மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பொத்தட்டும், வெட்டியவர் யார் என்பதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

பெற்றோரின் தடையும் உண்டு. "நாங்கள் மறக்க நினைப்பதைப் பிள்ளைக்கு ஏன் நினைவூட்டுகிறீர்கள்? அவன் படித்து வேலைக்குப் போகட்டும்" என்று ஒரு தந்தை நம்மிடம் கடிந்துரைத்தார். அவர் சொல்லை எளிதில் தள்ளமுடியவில்லை. நாம் கூறிய விடை இதுதான்: பிள்ளை எப்படியும் தெரிந்துகொள்வான். தேநீர்க் கடையில் கேலியாகவோ, கல்லூரி விடுதியில் வசையாகவோ தெரிந்துகொள்வான். அதற்கு முன்னே ஆசிரியர் வாயால், ஆண்டோடும் காரணத்தோடும் தெரிந்துகொண்டால், அன்று தலைகுனிய மாட்டான். அவர் முழுதும் இணங்கவில்லை. ஆனால் பையனை வகுப்பிலிருந்து எடுத்துவிடவுமில்லை.

மூன்றாவதாகக் கவிதை. தான் காணாத துயரைத் தன் துயராக்கிக்கொள்ளக் கவிதை பழக்குகிறது. பாரதியார் பிஜித் தீவைக் கண்டவர் அல்லர். ஆயினும் அங்குக் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாடினார். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சென்றனர். நிலமற்று, கடன்பட்டு, ஊரில் தலைநிமிர வழியற்று அவ்வாறு கடல் கடந்தோருள் நம்மவரும் இருந்தனர். அப்பாட்டை வகுப்பில் பாடச் செய்தபின், 'நம் ஊரிலிருந்து கடல் கடந்தவர் எவரேனும் உண்டா என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வருக' என்று வீட்டுப்பாடம் தருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் பினாங்குக்கும் போய்த் திரும்பாத சின்னத் தாத்தாக்கள் மறுநாள் வகுப்பறைக்குள் வந்து நிற்பார்கள்.

வெண்மணிக்கும் கவிதை உண்டு. இன்குலாப் எழுதிய பாடலைக் கே. ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் 1977 இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்நாவல் அந்நிகழ்ச்சிக்குக் காட்டும் காரணத்தில் நமக்கு உடன்பாடில்லை. கூலிப் போரைத் தனிமனிதன் ஒருவனின் உளக்குறையாக அது சுருக்கிவிட்டது என்பது நம் கருத்து. ஆயினும் பதினோராம் வகுப்பினர் அதைப் படித்து நம்மோடு வாதிடட்டும் என்றே விரும்புகிறோம். வழக்கின் செய்தியை ஒன்பதாம் வகுப்பில் அறிந்தவனே இரண்டாண்டு கழித்து அந்நாவலோடு மல்லுக்கட்ட முடியும்.

இனி ஒரு வேண்டுகோள். நம்மிடமுள்ள ஒப்பாரிச் சுவடி நிறைந்துவிட்டது. நாம் எழுதியவை சொற்கள் மட்டுமே. இழுத்து நிறுத்தும் இராகத்தையும் இடையே விம்மும் மூச்சையும் எழுத்தில் பிடிக்க வழியில்லை. இன்று இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதியும் கைப்பேசி இருக்கிறது. ஆளுக்கு ஒரு மூதாட்டியிடம் செல்லுங்கள். சாவு வீட்டில் வேண்டா. அது அழும் இடம், பதியும் இடமன்று. வேலை ஓய்ந்த மாலையில் திண்ணையில் அமர்ந்து, "ஆயா, தாத்தா போனபோது என்ன பாடினீர்கள்?" என்று கேளுங்கள். முதல் நாள் மறுப்பார்கள். இரண்டாம் நாள் வெற்றிலை வாங்கிச் செல்லுங்கள். பாடியவர் பெயர், ஊர், எவர் இறந்தபோது பாடியது, எந்த ஆண்டு ஆகியவற்றைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை வெளியிட வேண்டா என்றால் அதற்கும் கட்டுப்படுங்கள். பதிந்தவற்றை நம் கழக நூலகத்தில் ஒப்படையுங்கள். சுவடியை இன்றே நூலகப் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறோம்.