உப்பும் சீனியும் உயிரும்



உயிரியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. தவளையையும் தாவரத்தையும் பற்றி அறிய வந்த எமக்கு அணுவும் அயனும் எதற்கு என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுக்களையிலே இருக்கும் உப்பும் சீனியும் போதும். இவ்விரண்டும் நீரிற் கரைந்து, வயிற்றோட்டத்தால் வாடிக்கிடக்கும் குழந்தையை எவ்வாறு பிழைக்கச் செய்கின்றன என்பதை விளங்கிக்கொண்டவர், உயிரியலுக்கு வேண்டிய இரசாயனவியலின் முதற் பாடங்களை விளங்கிக்கொண்டவராவர்.

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். சோடியம் அணுவிலே 11 இலத்திரன்கள் உள்ளன. குளோரின் அணுவிலே 17 உள்ளன. சோடியம் தன் வெளியோட்டிலுள்ள ஒரேயோர் இலத்திரனை இழந்து நேரேற்றம் பெறுகிறது. குளோரின் அதனை ஏற்று மறையேற்றம் பெறுகிறது. இவ்வாறு ஏற்றம் பெற்ற துணிக்கைகளையே அயன்கள் என்கிறோம். உலோகமாயிருக்கும் சோடியம் நீர் பட்டதும் சீறியெழும். குளோரினோ நச்சு வாயு. இவ்விரண்டும் அயன்களானதும் நாம் நாள்தோறும் உண்ணும் உப்பாகின்றன. ஓர் இலத்திரன் இடம் மாறியதால் விளைந்த வேறுபாடு இத்துணைப் பெரிது.

சீனியின் இயல்பு வேறு. நாம் உண்ணும் சீனி குடலிலே குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரு வெல்லங்களாகப் பிரிகிறது. குளுக்கோசு மூலக்கூறு ஒன்றிலே 6 காபன் அணுக்களும், 12 ஐதரசன் அணுக்களும், 6 ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. இவை இலத்திரன்களைக் கொடுத்து வாங்காமல், தம்முட் பங்கிட்டுக்கொண்டு பிணைந்துள்ளன. ஆதலால் உப்பு நீரிலே அயன்களாகப் பிரிய, குளுக்கோசு முழு மூலக்கூறாகவே பரவி நிற்கிறது. உப்புக் கரைசல் மின்னைக் கடத்துவதும், சீனிக் கரைசல் கடத்தாமையும் இக்காரணத்தாலேயே.

இனி நீரைப் பற்றிச் சிறிது கூறுவோம். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு, மென்சவ்வொன்றினூடாக நீர் செல்வதைப் பிரசாரணம் என்பர். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். உப்பு இருக்கும் இடம் நோக்கி நீர் நகர்ந்தது, அவ்வளவே. நம் உடலின் கலங்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

வாந்திபேதி நோயிலே குடற் சுவரிலிருந்து குளோரைட்டு அயன்கள் குடலினுள்ளே பெருகிச் சொரிகின்றன. சோடியமும் நீரும் அவற்றைப் பின்தொடர்கின்றன. இழப்பு மிகும்போது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். நோயாளிக்கு வெறும் நீரைக் கொடுத்தால், இழந்த உப்பு மீள்வதில்லை. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலோ, நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. அவ்வாறாயின் வழி யாது?

1960ஆம் ஆண்டிலே பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் றொபேட் கிரேன் என்னும் அறிஞர் ஒரு விளக்கம் அளித்தார். குடற் கலத்தின் மென்சவ்விலே சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே உள்ளே நுழையும் வாயில் உண்டு என்பது அவர் கருத்து. அவ்வாயில் ஒரு புரதம் என்பதும், குளுக்கோசு மூலக்கூறு ஒன்றுக்குச் சோடியம் அயன்கள் இரண்டு அதனூடே செல்கின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயின. வாந்திபேதி நஞ்சு இவ்வாயிலை அடைப்பதில்லை. எனவே சீனி துணைவர உப்பு உள்ளே செல்கிறது. இரண்டையும் தொடர்ந்து, பிரசாரண விதிப்படி நீரும் செல்கிறது.

1968இல் டாக்காவிலே டேவிட் நாலினும் றிச்சட் காஷும் பிறரும் இம்முறையை நோயாளிகளிடம் நிறுவிக் காட்டினர். 1971இல் வங்காள அகதிகள் பெருந்தொகையினராய் இந்திய எல்லையைக் கடந்தபோது, போங்காவ் என்னும் ஊரில் வைத்தியர் திலீப் மகலனோபிசு பணிபுரிந்தார். நாளத்தில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, அம்முறையில் நூற்றுக்கு 4இலும் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த கலவையிலே, ஒரு லீற்றர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் சேர்கின்றன. நம் நாட்டில் ஜீவனி என்னும் பெயரில் அறியப்படுவது இவ்வகை மருந்தே. உப்பு இத்துணைக் குறைவாகவும் குளுக்கோசு இத்துணை மிகுதியாகவும் இருப்பது ஏன் என வினவலாம். இங்கேதான் மூல் என்னும் கருத்து உதவுகிறது. 180 கிராம் குளுக்கோசிலும், 58.5 கிராம் உப்பிலும் இருப்பவை தத்தம் பொருளில் ஒரு மூல் ஆகும். 13.5ஐ 180ஆல் வகுத்தால் 0.075 மூல் கிடைக்கும். உப்பும் சித்திரேற்றும் சேர்ந்து தரும் சோடியமும் ஏறத்தாழ அதே 0.075 மூல்தான். நிறுத்துப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு; எண்ணிப் பார்த்தால் சமன். கலங்கள் நிறையைப் பார்ப்பதில்லை. துணிக்கைகளின் தொகையையே பார்க்கின்றன.

அளவு பிழைத்தால் மருந்தே தீங்காகும். சீனி மிகுந்தால் பிரசாரணம் எதிர்த்திசையில் நிகழ்ந்து, உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். உப்பு மிகுந்தால் இரத்தத்திலே சோடியம் பெருகி, மூளைக்கலங்கள் நீரிழந்து சுருங்கும். ஆகவே பொதியிற் குறித்த அளவு நீரிலேயே மருந்தைக் கரைக்க வேண்டும். பொதி கிடையாதவிடத்து, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்குச் சீனி மட்டமாக 6 தேக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி எனக் கொள்க. குழந்தை சோர்ந்து துவண்டாலும், குடிக்க இயலாதிருந்தாலும், தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மாணவர்களே, அயன், மூலக்கூறு, பிரசாரணம், மூல் என்னும் நான்கு சொற்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து பின் மறந்துவிடுதல் எளிது. அவை ஒவ்வொன்றும் அந்த ஒரு குவளை நீரிலே தொழிற்படுகின்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அப்பொழுது உயிரியற் பாடத்தில் இரசாயனவியல் எதற்கு என்னும் கேள்வி உங்களிடம் எழாது.